பள்ளுப் பாட்டும் பட்டம்மாளின் குரலும்

டி.கே. பட்டம்மாளின் அம்மா நன்றாகப் பாடுவாராம். ஆனால் காஞ்சிபுரத்து வைதிகக் குடும்பம் அது. வீட்டுப் பெண்ணின் குரல் வாசற்படியைத் தாண்டக்கூடாது. உற்றார் உறவினர் முன்னால்கூட அவர் பாட அனுமதியில்லை. அந்த வீட்டில் 1919-இல் பிறந்த மகளின் குரல்தான் இசைத்தட்டில் ஏறி, எட்டயபுரத்துக்காரர் ஒருவரின் பாட்டை ஊர் ஊராகக் கொண்டு சென்றது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது எட்டயபுரம். வ.உ.சி. தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்தின் சூடு பாரதியின் தேசப் பாட்டுகளில் உண்டு. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்தும் சென்னை அரசு அந்தப் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. விடுதலை கண்ணுக்கே தெரியாத நாளில், அது வந்தேவிட்டதாக வைத்து அவர் எழுதியது சுதந்திரப் பள்ளு. 1947 தொடக்கத்தில் வெளியான ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்துக்காக அதைப் பட்டம்மாள் பாடினார்.

கவிஞர் எழுதிய கவிதையைப் பயிற்சி பெற்ற தனிக்குரல் பாடும் வடிவத்தை மேலை இசையில் கலைப்பாடல் என்பார்கள். அதே 1947-இல் அமெரிக்காவில் சாமுவேல் பார்பர், ஜேம்ஸ் ஏஜியின் உரைநடைக்கு இசையமைத்து ‘நாக்ஸ்வில்: 1915 கோடை’யை முடித்தார். அதற்குப் பணம் தந்தவர் எலினார் ஸ்டீபர் என்ற பாடகி. மறு ஆண்டு பாஸ்டனில் முதலில் பாடியவரும் அவரே, 1950-இல் பதிவு செய்தவரும் அவரே. நம் ஊர்ப் பாடகிக்கு அப்படிப் பாட்டை எழுதச் சொல்லும் வசதி இல்லை. எதைப் பாடமாட்டேன் என்று சொல்லும் உரிமை மட்டும் இருந்தது. பட்டம்மாள் அதைக் கறாராகப் பயன்படுத்தினார். படங்களில் பக்திப் பாட்டும் தேசப் பாட்டும் மட்டுமே. காதல் பாட்டு கிடையாது.

பதிவைக் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுருதி, அசையாத தாளம், ஒரு எழுத்தும் விழுங்கப்படாத உச்சரிப்பு. குழைவு இல்லை, கொஞ்சல் இல்லை. பெண் குரல் என்றாலே தேன், குயில் என்று எழுதிப் பழகிய விமர்சகர்களுக்கு இந்தக் குரலைப் பற்றிச் சொல்லச் சொற்கள் போதாமல் போயிருக்கும்!

ஆனால் திரையில் அவர் இல்லை. குரல் அவருடையது, ஆடிய உடல் சிறுமி கமலாவுடையது. 1939-இல் ‘தியாகபூமி’யிலும் இப்படித்தான். கணவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு நானே ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்லும் சாவித்திரியின் கதை அது. அதன் தேசப் பாட்டையும் பட்டம்மாள் திரைக்குப் பின்னாலிருந்துதான் பாடினார். உடலைக் காட்டாமல் குரலை மட்டும் அனுப்ப முடிந்ததால்தான் ‘குடும்பப் பெண்’ணுக்கு இந்த வழி திறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தயக்கம் தேவைப்படாத கோயம்புத்தூர் தாயி போன்ற தேவதாசி மரபுப் பெண்கள் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமபோனுக்குப் பாடிவிட்டார்கள். அவர்களின் மரபுக்கு முடிவுகட்டிய பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதும் இதே 1947-இல்தான். பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நல்லது. மேடையும் மரியாதையும் மட்டும் வேறு வீடுகளுக்கு இடம் மாறின.

இன்னொரு குரலும் இந்தப் பாட்டில் இருக்கிறது. பாரதி இதற்குக் கொடுத்த துணைத்தலைப்பு ‘பள்ளர் களியாட்டம்’. இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் உழவர்களின் வயலிலிருந்து பிறந்த இலக்கிய வகை பள்ளு. புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் கரையில்தான் முக்கூடற் பள்ளும் நடக்கிறது. அதில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் வாய் ஓயாமல் பேசுவார்கள். சண்டை போடுவார்கள், ஏசுவார்கள், ஒருவர் சாமியை மற்றவர் கேலி செய்வார்கள். பாரதியின் பள்ளில் அந்த இருவரும் இல்லை. பார்ப்பனரை உயர்த்தி அழைத்த காலம் போயிற்று என்று சொல்லும் அடி உண்டு. அப்படி ஓர் அடி உள்ள பாட்டு நாடெங்கும் ஒலித்தது ஒரு தீட்சிதர் வீட்டுப் பெண்ணின் குரலில். அவரையும் பாட விட்டிருக்க மாட்டார்கள், ஒரு தலைமுறை முந்திப் பிறந்திருந்தால். நாற்று நட்டுக்கொண்டே பாடிய பள்ளியை யாரும் தடுக்கவில்லை. பதிவு செய்யவும் இல்லை.