பிரெஞ்சு பயின்ற தமிழர்

குடுபல்லி நிலையத்தில் கிழக்கு நோக்கிப் புகைவண்டி ஏறுவோர், குப்பத்தைக் கடந்த சிறிது நேரத்திலேயே தமிழக எல்லையைக் கண்டுவிடுவர். எல்லை இத்துணை அணிமையில் இருந்தும் நம் பிள்ளைகளின் புத்தகப் பையில் தமிழ் நூல் அரிதாகி வருகிறது. வீட்டிலே தமிழ், தெருவிலே தெலுங்கு, வகுப்பறையிலே ஆங்கிலம் என வளரும் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டி இண்டர்மீடியட்டில் சேரும்போது, இரண்டாம் மொழி எது என்று படிவம் கேட்கிறது. ஆந்திர மாநிலத்து மொழிப் பட்டியலில் தமிழும் இடம்பெற்று வந்துள்ளது. பிரெஞ்சும் இடம்பெற்று வந்துள்ளது. "பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் குவியும், வெளிநாடு செல்லவும் உதவும், தமிழ் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். வினவுவதில் தவறில்லை. ஆயின் இவ்வினா புதிதன்று. புதுச்சேரித் தமிழர் இதனோடு பல தலைமுறை வாழ்ந்திருக்கின்றனர்.

அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்தவர். பரங்கியர் மொழியறிவே அவருக்குப் பதவியும் பல்லக்கும் தந்தது. ஆனால் 1736 முதல் தாம் மறைந்த 1761 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு முழுவதும் தமிழ். கப்பல் வரவு, சரக்கு நிலவரம், போர்ச் செய்தி, ஆளுநர் மாளிகையின் உட்பூசல் ஆகிய யாவும் அன்றாடப் பேச்சுத் தமிழில், இலக்கணப் புலவர் முகஞ்சுளிக்கும் நடையில், அப்படியே கிடக்கின்றன. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து வெளிக்கொணர்ந்ததால் அது நமக்குக் கிடைத்தது. பிள்ளையவர்கள் அதனைப் பிரெஞ்சில் எழுதியிருந்தால் துய்ப்ளே காலத்துத் தமிழன் எப்படிப் பேசினான் என்பதை நாம் அறிய முடியுமா?

முறையான பள்ளிக் கல்வி பின்னர் வந்தது. இன்று லிசே என வழங்கும் பிரெஞ்சுப் பள்ளி 1826-இல் தோன்றியது. தொடக்கத்தில் அது ஐரோப்பியர் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதன் கதவு பிற்பாடுதான் திறந்தது. நகரத்துச் செல்வர் பெயர் தாங்கிய கலவைக் கல்லூரியும் எழுந்தது. பள்ளியின் இறுதித் தேர்வாகிய பக்கலோரியாவில் தேறியவனுக்குச் சட்டமும் மருத்துவமும் பயிலப் பாரிசு வரை வழி உண்டு. படிப்பும் பிரெஞ்சும் கைவந்தவர் பலர் கப்பலேறிச் சைகோனில் அரசாங்க உத்தியோகம் பார்த்தனர். நம் முன்னோர் பிழைப்புக்காக ஊர் பெயர்ந்ததைப் போன்றதே அதுவும்.

அக்கல்விக்கு மற்றொரு முகமும் உண்டு. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை மேல்நாட்டுக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். அவர் வழக்கைப் பாரிசு உயர் மன்றம் வரை கொண்டு சென்று வென்றார். பிரெஞ்சுச் சட்டத்தைக் கற்றவர் அச்சட்டத்தாலேயே தம் மானத்தைக் காத்துக்கொண்டார் என்பது பெருமைக்குரியதே. ஆயினும் 1881-ஆம் ஆண்டு ஆணை வந்து, தம் மரபுச் சட்டத்தைத் துறப்போர்க்குப் பிரெஞ்சுக்காரரோடு சம உரிமை என்றபோது, அவர் தம் பெயரோடு லபோர்த் என்னும் குடும்பப் பெயரையும் பூண்டார். அவர் வழியே பலர் சென்றனர். சாதிக் கொடுமையிலிருந்து விடுதலை தேடி அவ்வழி சென்றோரும் அவர்களுள் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு என்ன தகுதி? ஆனால் அந்த உரிமைக்குப் பெயரும் மரபும் விலையாயின என்பதையும் மறைத்தல் ஆகாது.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962-இல் சட்டப்படியும் முடிந்தது. மொழி முற்றும் போய்விடவில்லை. நகர மண்டபத்தை மேரி என்றும் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரரைச் சொல்தா என்றும் சொல்லும் வழக்கம் நீடித்தது. லிசே மாணவர் எழுதும் பக்கலோரியாவில் தமிழையும் ஒரு மொழிப்பாடமாக எடுக்க இடம் உண்டு என்பதை நம்மவர் பலர் அறியார்.

பிரெஞ்சுக்காரர் தமிழ் பயின்ற கதையும் உண்டு. பாரிசில் 1843-இல் பிறந்து காரைக்காலில் வளர்ந்த ழூலியன் வேன்சோன், பாரிசுக் கீழ்த்திசை மொழிப் பள்ளியில் 1879 முதல் தமிழ் கற்பித்தார். 1903-இல் தமிழ் பயில ஒரு கைந்நூலும் வெளியிட்டார். அங்கே ஒருவன் முயன்று கற்ற மொழியை, இங்கே படிவத்தின் ஒரு கட்டத்தில் அடித்துவிடுகிறோம்!

தமிழகத்திலும் இக்குறை இல்லாமலில்லை. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், நகரப் பள்ளிகளில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சை மொழிப்பாடமாகக் கொண்டோர் பலர். ஈராண்டில் வினா விடைகளை மனனம் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்து விடுவர். அது பிரெஞ்சுக்கும் பயனன்று, தமிழுக்கும் பயனன்று. பிரெஞ்சு எடுப்பதை நான் தடுக்கவில்லை. எடுப்பவன் அம்மொழியில் ஒரு கதையேனும் தானே படிக்கும் அளவுக்குக் கற்கட்டும். அதற்குமுன் தமிழெழுத்தை வீட்டிலேனும் பழகியிருக்கட்டும்.

இரண்டையும் விடாது கற்றோர் செய்த வேலைக்குச் சான்று தேடி வெகுதொலைவு போகவேண்டியதில்லை. வெ. ஸ்ரீராம் 1980-இல் ஆல்பெர் காம்யுவின் புதினத்தை 'அந்நியன்' எனத் தமிழில் தந்தார். மறு ஆண்டு அவரும் புதுச்சேரியைச் சேர்ந்த ச. மதனகல்யாணியும் இணைந்து 'குட்டி இளவரசன்' நூலைத் தந்தனர். இரண்டும் ஆங்கிலத்தின் வழியாக அன்றிப் பிரெஞ்சிலிருந்தே நேராக வந்தவை. 'குட்டி இளவரசன்' சிறிய நூல். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை விடுமுறையில் சில நாட்களில் முடித்துவிடலாம்.