பால்மரின் பூஜ்யம்: வெட்டியெடுத்த இரைப்பையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

இரைப்பையில் சுருள்கிருமி குடியிருக்கிறதா என்ற வழக்கு 1954-இல் தீர்ந்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் எடி பால்மர் 1,180 பேரின் இரைப்பைச் சளிப்படலத்தை உறிஞ்சுகுழாயால் கிள்ளியெடுத்துப் பார்த்தார். ஒருவரிடம்கூடக் கிருமி இல்லை. முன்னோர் கண்டவை வாயிலிருந்து இறங்கியவை, இறந்த உடலில் பெருகியவை என்று முடிவுகட்டினார். மூன்றே பக்கக் கட்டுரை அது. கால் நூற்றாண்டுக்கு அதை யாரும் அசைக்கவில்லை.

பால்மருக்கு முந்தைய ஆண்டுக்கணக்கு இன்னும் சீராகவில்லை. நாயின் இரைப்பையில் பிட்சொசேரோ கண்டதை 1892 என்றும் 1893 என்றும் எழுதுகிறார்கள். கிராக்கோவின் யவோர்ஸ்கி மனிதரிடம் கண்டதற்கு 1889, 1899 என இரண்டு ஆண்டுகள் வழங்குகின்றன. இங்கே அவற்றைத் தீர்க்க முயலவில்லை.

பால்மரின் வாசிப்பை நான் ஏற்கவில்லை. டோயஞ்சஸ் 1939-இல் ஆராய்ந்த 242 இரைப்பைகள் பிணப் பரிசோதனையில் கிடைத்தவை; அவற்றின்மேல் பால்மரின் ஐயம் நியாயமானதே. ஃப்ரீட்பெர்க்கும் பாரனும் 1940-இல் எடுத்துக்கொண்டதோ உயிரோடிருந்தவர்களுக்கு அறுவையில் வெட்டிய இரைப்பை. அப்படி வெட்டிய 35 இரைப்பைகளில் 13-இல் கிருமி இருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது பால்மரின் முதல் பிழை.

பால்மரை மறுப்போர் வழக்கமாகச் சாயத்தைக் காரணம் காட்டுவார்கள்: அவர் வெள்ளிச் சாயம் இடவில்லை, ஹெமட்டாக்சிலின்–இயோசினோடு நின்றுவிட்டார் என்று. இதுவும் எனக்குப் போதவில்லை. பெர்த் நகரில் நோய்க்கூற்றியலாளர் ராபின் வாரன் 1979 ஜூன் 11 அன்று கிருமியை முதலில் கண்டது அதே சாதாரணச் சாயத்தில்தான். செல்களின் மேல்விளிம்பில் ஒரு மங்கிய நீலக் கோடு தெரிந்தது, உருப்பெருக்கத்தைக் கூட்டினார், வெள்ளிச் சாயம் இட்டது அதற்குப் பிறகு. சாயம் கண்ணுக்கு உதவும். ஆனால் தேடும் கண் முதலில் வேண்டும்.

இன்னொரு சமாதானமும் உண்டு. கிருமி அடர்ந்திருப்பது பைலோரஸை ஒட்டிய ஆன்ட்ரத்தில். கண்காணாமல் இறக்கிய குழாய் பெரும்பாலும் பெருவளைவின் உடற்பகுதியைக் கவ்வியிருக்கும். ஆகவே தப்பிவிட்டது என்பார்கள். உடல்பருமனுக்குச் செய்யும் ஸ்லீவ் அறுவை இங்கேதான் சாட்சி சொல்கிறது. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல், அதே பெருவளைவு ஓரமாக, ஸ்டேப்ளர் கம்பி வரிசையோடு நீளப் பையாக வெளிவருகிறது. நகக்கண் அளவுகூட இல்லாத துணுக்கை நம்பியிருந்த திசுவியலாருக்கு இது பெரிய கொடை.

அப்படி ஒரு பையிலிருந்து எடுத்த திசுச் சீவலை 40 மடங்கு லென்ஸில் வைத்துப் பாருங்கள். சுரப்பிக் குழியின் வாயில் சளி திரண்டிருக்கிறது. அதற்கு அடியில், செல்விளிம்போடு ஒட்டி, காற்புள்ளி போல வளைந்த குச்சிகள்; சில குழிக்குள்ளும் இறங்கியிருக்கின்றன. குழியின் கழுத்தில் நியூட்ரோஃபில்கள் புறச்செல்களுக்கு நடுவே நுழைந்திருக்கின்றன. கீழே முளைமையம் விரிந்த ஒரு லிம்ஃப் முடிச்சு. வாயிலிருந்து இறங்கிய கிருமி உணவுத்துகளோடும் உதிர்ந்த தட்டைச் செல்களோடும் மேலே மிதக்கும். செல்லைப் பற்றாது, இப்படி அழற்சியை எழுப்பவும் செய்யாது. பெருவளைவிலும் கிருமி உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? இடம் தவறியது என்பதைக் கொண்டு மட்டும் 1,180 பேரிலும் வந்த பூஜ்யத்தை விளக்க முடியாது.

இது முழு நிரூபணம் ஆகிவிடாது. இன்றைய ஸ்லீவ் நோயாளிகளும் பால்மரின் நோயாளிகளும் ஒரே கூட்டத்தினர் அல்லர். உறிஞ்சும்போது சளியோடு கிருமியும் போயிருக்கலாம். ஆயினும் கிருமி இராது என்ற முன்முடிவோடு தாழ்ந்த உருப்பெருக்கத்தில் பார்த்ததே முதன்மைக் காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதே பூஜ்யம் இன்றைய அறிக்கைகளிலும் நுழையக்கூடும். அறுவைக்கு முன் அமிலக்குறைப்பு மருந்தான ஒமிப்ரசோல் உட்கொண்டவரிடம் கிருமி அருகிவிடும். ஸ்லீவில் ஆன்ட்ரத்தின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. 1996-இல் வெளியான இரைப்பை அழற்சியை வகைப்படுத்தும் திருத்திய சிட்னி முறை ஆன்ட்ரத்தில் இரண்டு, உடற்பகுதியில் இரண்டு, வளைமடிப்பில் ஒன்று எனத் துணுக்குகள் கேட்பது இப்படிப்பட்ட தவறுகளுக்கு அஞ்சியே. வெட்டியெடுத்த பையை மட்டும் பார்த்து, சாதாரணச் சாயத்தோடு நிறுத்தி, ‘கிருமி இல்லை’ என்று எழுதினால் அது வெளியே வந்த பகுதிக்கே பொருந்தும். நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோவது உள்ளே இருக்கும் ஆன்ட்ரத்தை.