பத்துப் பாடங்கள்

தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மடியில் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம். உப்பளங்கள் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் பேச்சு ஆரம்பித்தது.

"அஞ்சு வகுப்பு, ரெண்டு வாத்தியார். இதுக்குள்ளே தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் நடத்தியாகணும். பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே இவ்வளவும் எதுக்கு அண்ணாச்சி? எழுத, படிக்க, கணக்குப் போட ஒழுங்கா வந்தால் போதாதா?"

"இதற்கே இப்படிச் சொல்கிறீர்களே, பாரதி போட்ட பாடத்திட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். "பாரதி கவிஞர். கவிஞருக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடலாம். நடத்துகிறவன் நானில்லே!"

நாங்கள் போய்க்கொண்டிருந்தது அந்தக் கவிஞர் 1882 டிசம்பர் 11-ஆம் தேதி பிறந்த ஊருக்கு. அவருடைய பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேள்வி நியாயமானது என்றே பட்டது.

பாரதியின் 'தேசீயக் கல்வி' என்ற கட்டுரையைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். பாட்டைப் பாடிவிட்டு உரைநடையை அலமாரியில் பூட்டி வைப்பது நம் வழக்கம். அந்தக் கட்டுரையில் தேசம், கல்வி என்று பொதுப்படையாகப் பேசிவிட்டு அவர் நின்றுவிடவில்லை. ஒரு கிராமத்தில் ஆரம்பப் பள்ளிக்கூடம் வைப்பது எப்படி என்று, வீடு கட்டுகிறவன் கொத்தனாரிடம் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மூன்று உபாத்தியாயர்கள் போதும். அவர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டாம். மெட்ரிகுலேஷன் தேறியிருந்தால் சரி; தவறியவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது! இந்த இடத்தில் அவர் கண் சிமிட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிறகு வருகிறது பாடங்களின் வரிசை. முதலில் எழுத்து, படிப்பு, கணக்கு. (சிறு வயதில் கணக்கைக் கண்டால் காத தூரம் ஓடியவர் அதையும் மறக்காமல் முதல் வரிசையில் வைத்திருக்கிறார்.) இரண்டாவது சரித்திரம். மூன்றாவது பூமி சாஸ்திரம். நான்காவது மதப் படிப்பு. ஐந்தாவது ராஜ்ய சாஸ்திரம். ஆறாவது பொருள் நூல். ஏழாவது ஸயன்ஸ். எட்டாவது கைத்தொழில், விவசாயம், தோட்டப் பயிற்சி, வியாபாரம். ஒன்பதாவது சரீரப் பயிற்சி. பத்தாவது யாத்திரை, அதாவது பிள்ளைகளை வெளியூர்களுக்கு அழைத்துப் போய்க் காட்டுவது.

இது கல்லூரிக்குப் போட்ட திட்டமல்ல, நினைவிருக்கட்டும். மூன்று வாத்தியார் உள்ள கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு. 1911-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேருக்குத்தான் எழுத்து தெரியும். அதே ஆண்டு கோகலே கட்டாய ஆரம்பக் கல்விக்கு ஒரு மசோதாக் கொண்டுவந்தார். மறு வருஷம் அது 13-க்கு 38 என்ற வோட்டில் தோற்றது. எழுத்தையே கொடுக்கலாமா என்று சட்டசபையில் யோசித்துக்கொண்டிருந்த காலத்து மனிதர், எழுத்தோடு பொருளாதாரமும் அரசியலும் சூரிய மண்டலமும் சேர்த்துக் கொடு என்கிறார்.

இதைக் கவிஞனின் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு விஷயம் இருக்கிறது. அவர் வாத்தியாராகவும் இருந்தவர். 1904-இல் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர். மூன்று மாதம்தான். ஆனாலும் பெஞ்சிப் பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த இங்கிலீஷ் படிப்பைப் பற்றி, பின்னாளில் தம் சுயசரிதைக் கவிதையில் கசந்து எழுதியவர்.

ஆனால் அந்தப் பத்துப் பாடங்களும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ பிறக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அவை பிறந்தது இந்தக் கரிசல் மண்ணிலும் தூத்துக்குடிக் கடற்கரையிலும்.

அவருடைய தகப்பனார் சின்னசாமி அய்யர் சமஸ்தானத்தை அண்டிப் பிழைத்த சாதாரண மனிதர் அல்ல. யந்திரங்களில் மோகம் கொண்டவர். சுற்றிலும் பருத்தி விளைகிற ஊரில் ஒரு ஜின்னிங் பாக்டரி வைத்தார். வெள்ளைக்காரர்களின் போட்டியில் அது நொடித்தது, கையிருப்பும் போயிற்று. 1898-இல் அவர் இறந்தபோது பிள்ளைக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. காலடியில் விளைகிற பருத்தி எங்கே போகிறது, அதற்கு விலை வைப்பவன் யார், உள்ளூர்க்காரன் ஆலை வைத்தால் அது ஏன் தாக்குப்பிடிப்பதில்லை என்ற கேள்விகளை அந்தப் பையன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்க மாட்டான். வீட்டில் கேட்டுக்கொண்டான். பொருள் நூல் ஆறாவது பாடமானதற்கு நான் வேறு காரணம் தேடவில்லை.

அடுத்தது கப்பல். ஒட்டப்பிடாரம் இந்தப் பக்கத்து ஊர்தான். அங்கே பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சம். கிராமத்துப் பள்ளியில் கொடுக்க இதைவிட நல்ல கணக்கு உண்டா? 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிராளியான பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகவும் துணிந்தது என்பார்கள். இலவசம் என்றவுடன் ஏறிப் போகிறவனைக் குற்றம் சொல்லலாமா? இன்று ஓசியில் ஏற்றுகிறவன், போட்டிக் கப்பல் மூழ்கிய மறுநாள் என்ன கூலி கேட்பான் என்பதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளையைச் சிறையில் வைத்தார்கள். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பாரதி இந்த முயற்சிக்குப் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தவர். அது உடைந்ததைப் புதுச்சேரியிலிருந்து பார்த்தவர்.

இப்போது மூன்றாவது பாடத்தைப் படித்துப் பாருங்கள். பூமிப் படமும் கோளமும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சூரியனையும் கிரகங்களையும் காட்டச் சொல்கிறார். அதோடு ஐந்து கண்டத்து நாடுகளின் விளைபொருள், கைத்தொழில், வியாபாரம், முக்கியமான துறைமுகங்கள் எல்லாம் தெரிய வேண்டும் என்கிறார். ஐந்தாவது பாடத்தில், அரசாங்கம் குடிகளின் நன்மைக்காகவே ஏற்பட்டது என்றும், அதை நடத்தும் முறையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் குடிகளுக்கு உரிமை உண்டு என்றும் கற்பிக்கச் சொல்கிறார். கப்பல் விட்டவர் சிறைக்குப் போன காலத்தில் ஏழெட்டு வயசுப் பையன்களுக்கு இந்தப் பாடம்!

இந்தக் கடற்கரைக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தெருத் தெருவாக மணியடித்துக்கொண்டு போய்ப் பரதவப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த பிரார்த்தனைகளைச் சொல்லிக் கொடுத்ததை 1544 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிள்ளை கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்ல வேண்டும். அருமையான உபாயம், ஆனால் பாடம் ஒன்றுதான். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைத் தோண்டித் துருவிப் படித்து, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தை அச்சிட்டார். தமிழ் அச்செழுத்தில் நம் கைக்குக் கிடைத்திருக்கிற முதல் புத்தகமே இந்தக் கரையின் பிள்ளைகளும் பெரியவர்களும் படிப்பதற்காக வந்ததுதான்.

உள்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. மணலில் எழுத்து, பிறகு ஓலை. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு. முந்திரியும் மாகாணியும் நாக்கு நுனியில் நிற்கும். சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மதராஸ் முறை' என்று பெயர் வாங்கிவிட்டார். 1826-இல் கவர்னர் மன்றோ எடுத்த கணக்கில் சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெருமைப்படலாம். ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏற முடிந்ததா என்று கேட்டால் பெருமை பாதியாகிவிடும். பெண்கள் ஏறினார்களா என்று கேட்டால் மீதியும் போய்விடும். பாரதிக்கு இந்த இரண்டாவது கேள்வி மறக்கவில்லை. பாதி ஜனங்களாகிய பெண்களை விட்டுவிட்டு நடத்தும் கல்விக்குத் தேசீயம் என்று பெயர் வைக்கக் கூடாதென்று அடித்துச் சொன்னார்.

திட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்லிவிடுகிறேன். மதப் படிப்பு என்ற பகுதியில் வேதம், உபநிஷதம், தர்சனம், புராணம், கீதை என்று முக்கியமாக இந்து நூல்களே நீளமாக வரிசை கட்டி நிற்கின்றன. எட்டயபுரத்துக்கு அது சரியாக இருக்கலாம். கடற்கரையோரம் நடந்து மணப்பாட்டுக்கும் காயல்பட்டினத்துக்கும் போனால் அந்தப் பக்கத்தை என்ன செய்வது? எல்லாரையும் ஒரே பெஞ்சியில் உட்கார வைக்க ஆசைப்பட்டவர் இந்தப் பாடத்தை இன்னும் ஒரு தரம் திருத்தி எழுதியிருக்கலாம்.

எட்டாவது பாடத்தைப் பற்றிச் சிலர் வேறு மாதிரி கேட்பார்கள். கைத்தொழிலும் விவசாயமும் பள்ளியிலே என்றால், 1953-இல் ராஜாஜி கொண்டுவந்ததும் அதுதானே என்று. அல்ல. அந்தத் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது; மீதி நேரம் வீட்டுத் தொழில். கட்டடமும் வாத்தியாரும் பற்றாத காலத்தில் இரண்டு முறையாக நடத்தினால் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள், பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு அரை நாள் என்றவுடன், செருப்புத் தைப்பவன் மகன் அதையே தைக்க வேண்டுமா என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. 1954-இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் போயிற்று. பாரதியும் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு விசேஷமாகத் தொழில் கற்பிக்கச் சொல்கிறார்தான், மறைக்கவில்லை. ஆனால் எல்லா மாணவருக்கும் அது உண்டு என்கிறார். அதே பையனுக்கு ஐந்தாவது பாடமும் ஏழாவது பாடமும் அதே கூரையின் கீழ் உண்டு. நெசவைக் கற்கிறவனுக்கு நூல் விலையின் சூட்சுமமும் தெரியும்.

முத்துக் குளிப்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துச் சலாபத்தில், மூச்சடக்கிக் கடலடியில் எடுத்த சிப்பியை மூன்று பங்காக வைப்பார்கள். இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒன்று முழுகியவனுக்கு. அந்தப் பிரிவினையை அவன் மகனுக்கு வெறும் பின்னக் கணக்காகவும் சொல்லிக் கொடுக்கலாம். ராஜ்ய சாஸ்திரமாகவும் சொல்லிக் கொடுக்கலாம். சிப்பிக்குள் முத்து ஏன் விளைகிறது என்று ஸயன்ஸாகவும் நடத்தலாம். தூத்துக்குடியிலேயே 1973-இல் ஆராய்ச்சிக்காரர்கள் முத்தைச் செயற்கையாக விளைவித்துக் காட்டினார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1961-இல், கடைசிச் சலாபம் நடந்து முடிந்துவிட்டது. முழுகத் தெரிந்தவனுக்கு முழுக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அதற்கப்புறம் அவன் எங்கே போவான்?

இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

"எல்லாம் சரி அண்ணாச்சி. நடத்துவது யார்? நாங்க ரெண்டு பேர்."

இதற்கும் பாரதி ஏதோ சொல்லியிருக்கிறார். தொழில் பாடங்களுக்குக் கொஞ்சம் படித்த தொழிலாளிகள், வியாபாரிகள், விவசாயிகளையே துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஊரையே வாத்தியாராக்கிவிடுகிற யோசனை. விளையாட்டுக்கு வாத்தியார் தேவையே இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, படிப்பைவிட விளையாட்டில் பிள்ளைகளுக்கு அதிகச் சிரத்தை உண்டாக வேண்டும் என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்ற கணக்குக்கு அவரிடமும் விடை இல்லை. அவர் கேட்டது மூன்று பேர். நூறு வருஷத்துக்கு அப்புறமும் ஒருவர் குறைகிறார்.

1956-இல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியது இதே எட்டயபுரத்தில்தான் என்றேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க ஐயா அந்தச் சாப்பாட்டுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனார்" என்றார். "போனதனாலேதான் நான் வாத்தியார்."

அவருடைய ஊர் வந்துவிட்டது. நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பத்தாவது பாடம் சொன்னீங்களே, யாத்திரை. அது ஒண்ணு முடியும்னு தோணுது. எங்க பிள்ளைகள்லே பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லே அண்ணாச்சி. இந்தா இருக்கிற தூத்துக்குடி, ஒன்றரை மணி நேரம். துறைமுகத்துக்குள்ளே விடுவாங்களா?"

"எழுதிக் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பஸ் வாடகை தலைக்கு எவ்வளவு விழும் என்று முணுமுணுத்தபடி படியில் இறங்கினார்.