வாக்காளர் ஜாபிதாவும் எலும்பின் அளவும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்தில், மெல்போர்ன் நகருக்குத் தென்மேற்கே, கோரியோ குடாவின் கரையில் அமைந்த ஜீலாங் என்னும் துறைமுகப் பட்டணம், ஆட்டு ரோம வர்த்தகத்தால் செழித்து, 1925-ல் நிறுவப்பட்ட ஃபோர்ட் மோட்டார்த் தொழிற்சாலையால் மேலும் வளர்ந்த ஊராகும். ஆயினும் எலும்பு நோய்களை ஆராயும் வைத்திய சாஸ்திரிகள் அதன் பெயரை அறிந்திருப்பது, 1990-களில் அப்பிரதேசத்துச் சாதாரண ஸ்திரீகளை அளக்கத் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியினால்தான்.

எலும்பின் அடர்த்தியை இருவகைச் சக்தியுள்ள எக்ஸ்ரே கதிர்களால் அளக்கும் யந்திரம் 1980-களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்தது. ஒருத்தியின் எலும்பு அடர்த்தி, இளம்பருவத்து ஸ்திரீகளின் சராசரிக்கு இரண்டரைத் திட்டவிலக்கமோ அதற்கு மேலோ தாழ்ந்திருந்தால் அதை எலும்புப்புரை எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1994-ல் விதி வகுத்தது. ஆனால் அந்தச் சராசரியை எவரிடமிருந்து எடுப்பது? ஆஸ்பத்திரியை நாடி வந்தவர்களிடம் எடுத்தால் அது நோயின் சராசரியாகிவிடும். தாமாக முன்வந்தவர்களிடம் எடுத்தாலோ, தேக நலத்தில் விசேஷ சிரத்தை உள்ளவர்களின் சராசரியாகிவிடும். அளவுகோல் பிசகினால், சுகமாயிருப்பவளுக்கு வீண் பயமும், உண்மையில் ஆபத்திலிருப்பவளுக்கு வீண் தைரியமும் உண்டாகும்.

ஆகவே ஜீலாங் ஆராய்ச்சியாளர்கள் வாக்காளர் ஜாபிதாவை நாடினார்கள். ஜாபிதாவில் பெயர் பதிவது ஆஸ்திரேலியாவில் 1911 முதல் சட்டப்படி கட்டாயமாகையால், செல்வரும் ஏழையரும், பட்டணத்தாரும் பண்ணைக் குடிகளும் அதில் ஒருங்கே இடம் பெற்றிருந்தனர். வயதான மூதாட்டிகள் தொகையில் குறைந்தவர்களாதலால், எல்லாப் பெயர்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்தால் அவர்களில் வெகு சிலரே அகப்படுவர் என்பதை உணர்ந்து, ஜனங்களை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல விருப்பு வெறுப்பின்றிப் பெயர்களைப் பொறுக்கினார்கள். இவ்வாறு 20 வயது முதல் 94 வயது வரையுள்ள 1,494 ஸ்திரீகள் சேர்ந்தனர். அழைக்கப்பட்டவர்களில் 100-க்கு 77 பேர் இசைந்தது இதன் பெருமை. 2001 முதல் புருஷர்களும் இதே முறையில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆயினும் அந்த ஜாபிதாவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1902-ல் வெள்ளையர் ஸ்திரீகளுக்குக் காமன்வெல்த் தேர்தல்களில் வாக்குரிமை தந்த அதே சட்டம், மண்ணின் பூர்வ குடிகளில் பெரும்பாலோரை விலக்கி வைத்தது. அவர்கள் அனைவருக்கும் அவ்வுரிமை 1962-ல்தான் வந்தது. பதிவு அவர்களுக்கும் கட்டாயமானது 1984-ல். இவ்வாராய்ச்சி ஒரு தலைமுறை முன்னதாகவே நடந்திருக்குமாயின், அந்தக் குடிகளில் பலரின் எலும்பு அந்தச் சராசரியில் சேராமலே போயிருக்கக்கூடும். பிரஜையல்லாத குடியேறிகளோ இன்றும் பொதுவாக அந்த ஜாபிதாவில் இடம்பெறுவதில்லை.

யந்திரம் எத்துணை நுட்பமாயினும், அது தரும் எண்ணுக்கு அர்த்தம் கற்பிப்பது பெயர் பொறுக்கிய ஜாபிதாவே. ஒரு தேசம் தன் குடிகளை நீதியுடன் எண்ணி வைத்தாலன்றி, அவர்களுக்கு வைத்தியம் செய்வதிலும் அதனால் நீதி செலுத்த இயலாது.