அக்காவின் ஐந்தாம் வகுப்பு



நினைவுப் பேருரையில் மறைந்தவரின் பணிகளைப் பேசுவது வழக்கம். எந்த மேடையிலும் நினைக்கப்படாத ஒருவரிடமிருந்து தொடங்க உங்கள் அனுமதி வேண்டும். அவர் என் அக்கா. நான் ஏணையில் கிடந்தபோது அவளுக்குப் பத்து வயது. அம்மா நடவுக்கோ களையெடுப்புக்கோ போனால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அக்காவின் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. நான் சமூகவியலில் முதுகலை வரை படித்தேன்.

பெண்கள் வேலையையும் வீட்டையும் சமன்செய்கிறார்கள் என்று இன்று பாராட்டாகச் சொல்கிறார்கள். ஒரு தட்டில் கூலி, மறு தட்டில் குழந்தை. சேரியில் அந்தத் தராசு நேராக நின்றது எப்படி? மூத்த பெண்பிள்ளையின் படிப்பை எடைக்கல்லாக வைத்ததால்தான். இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் தெரியும்.

1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு நலன் மசோதா விவாதத்துக்கு வந்தது. அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கவேண்டும், பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் ஒரு குடும்பத்தின் சொந்தப் பாடு என்ற எண்ணத்தையே அந்த வாதம் உடைத்தது. 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு சட்டத்தை அம்பேத்கர் திருத்தினார்.

பிறகு 1948இன் தொழிற்சாலைகள் சட்டமும் 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் பலர் வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றன. 1961இல் நாடு முழுமைக்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது.

எல்லாமே போராடிப் பெற்றவை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு வாசலையும் ஒரு வருகைப் பதிவேட்டையும் எதிர்பார்த்தன. வயலுக்கு வாசல் இல்லை. இன்று ஒருவர் நிலம், நாளை இன்னொருவர் நிலம். பண்ணையாள் முறை இருந்த காலத்தில் ஆணோடு அவன் மனைவியின் உழைப்பும் பண்ணைக்கே போனது. பொழுது விடியுமுன் பண்ணையின் மாட்டுக்கொட்டிலில் சாணி அள்ளிவிட்டு வயலில் இறங்கிய பெண், எந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி? அவள் பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறது?

1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1982இல் சத்துணவு, 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி என்று அரசு மெல்ல நம் தெருவுக்கும் வந்தது. பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நடவுக்கு ஆள் இறங்குவது விடியலில், பால்வாடி திறப்பது அதற்குப் பிறகு. இடைப்பட்ட நேரத்துக்கும் கைக்குழந்தைக்கும் அக்காதான் பொறுப்பு.

2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு படி மேலே போனது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. பிள்ளையைப் பார்ப்பதும் மண் வெட்டுவதைப் போல வேலைதான் என்று சட்டமே எழுதிவைத்தது. நான் போய்ப் பார்த்த இடங்களிலோ, புளியமர நிழலில் ஏதோ ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பேரேட்டில் அவர் பெயர் இல்லை.

குற்றத்தை அரசின் மேல் மட்டும் வைத்துவிட்டுப் போக முடியாது. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் உழைக்கிறார், ஆண் 97 நிமிடம். அந்த ஆண்களில் நானும் ஒருவன். நம் இயக்கக் கூட்டங்கள் இரவு பத்து மணிவரை நீள்கின்றன. அந்நேரம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்?

கூலி உயர்வு கேட்டு நாம் எழுதும் ஒவ்வொரு மனுவிலும், வேலை நேரத்துக்குத் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்துக் கேட்போம். பிள்ளை பார்ப்பவரின் பெயர் பேரேட்டில் ஏறும்வரை விடவேண்டாம். வீட்டில் நம் முறையை நாம் ஏற்போம்.

அம்மா இப்போது படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்வதும் அக்காதான். இந்த உரையை எழுத எனக்குக் கிடைத்த இரவுகள் அவள் கண்விழித்த இரவுகள். நாளை முதல் பாதி இரவு என்னுடையது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜெய்பீம்.