நாற்பதாம் நாள்: கிறிஸ்துமஸ் முடியும் தேதி நகர்ந்த வரலாறு

381 முதல் 384 வரை எருசலேமில் தங்கியிருந்த எகேரியா என்ற பெண் பயணி, அங்கு கண்ட வழிபாடுகளைத் தன் ஊர்ச் சகோதரிகளுக்கு விரிவாக எழுதினார். அன்று எருசலேம் திருச்சபை கிறிஸ்து பிறப்பை ஜனவரி 6 அன்றுதான் கொண்டாடியது. விழா எட்டு நாள் நீண்டது. முதல் மூன்று நாளும் கொல்கொதாவின் பெரிய கோவிலில் வழிபாடு. நான்காம் நாள் ஒலிவமலை, ஐந்தாம் நாள் பெத்தானியாவில் லாசர் கோவில், ஆறாம் நாள் சீயோன் என மக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தனர். எட்டு நாளோடு விழா முடியவில்லை. நாற்பதாம் நாளில் மறுபடி பவனி. பாஸ்காவைப் போன்ற மகிழ்ச்சியோடு அந்நாள் கொண்டாடப்பட்டதாக எகேரியா எழுதுகிறார். நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளில் அந்த விழாவைப் பற்றிய மிகப் பழையது இதுதான்.

நாற்பது என்ற கணக்கு லேவியர் நூலிலிருந்து வருகிறது. ஆண் குழந்தை பெற்ற தாய் நாற்பது நாள் கழித்துக் காணிக்கையோடு கோவிலுக்குப் போக வேண்டும். மரியாவும் யோசேப்பும் ஏழைகளுக்கு விதிக்கப்பட்ட பறவைக் காணிக்கையோடு போனதை லூக்கா நற்செய்தி சொல்கிறது. அங்கே குழந்தையைக் கையில் ஏந்துபவர் சிமியோன். பக்கத்தில் முதிர்ந்த கைம்பெண் அன்னா. இடையர்களும் ஞானிகளும் வந்து போன பிறகு, விழாவின் கடைசிக் காட்சி ஆயுள் முழுவதும் காத்திருந்த இரண்டு முதியவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் மகிழ்ச்சியைக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதாக்கிவிட்ட பிற்காலத்தை நினைத்தால், இந்தப் பழைய தேர்வு முதிர்ச்சியானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 6இலிருந்து எண்ணியதால் எருசலேமில் நாற்பதாம் நாள் பிப்ரவரி 14இல் விழுந்தது. டிசம்பர் 25ஐப் பிறப்பு விழாவாக ஏற்ற ஊர்களில் அதே கணக்கு பிப்ரவரி 2இல் வந்து நின்றது. ரோமரின் பிப்ரவரிச் சடங்குகளைத் திருச்சபை கிறிஸ்தவமாக்கியதே இவ்விழா என்ற கருத்து ஆங்கிலத் துறவி பீடின் காலத்திலிருந்தே உண்டு. பவனியைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கலாம். ஆனால் விழா பிறந்தது எருசலேமில். தேதியைத் தந்தது கூட்டல் கணக்கு.

மெழுகுதிரி பிறகுதான் வந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் இக்கேலியா என்ற செல்வப் பெண்மணி இந்நாளில் திரி ஏந்தும் வழக்கத்தைத் தொடங்கினார் என்கிறார் சிதோப்பொலிஸ் ஊர் சிரில். 542இல், கான்ஸ்தாந்திநோப்பிளில் கொள்ளைநோய் பரவிய ஆண்டில், பேரரசர் ஜஸ்டினியன் விழாவைப் பிப்ரவரி 2இல் நிலைநிறுத்தினார். ரோமில் திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் (687–701) அதற்குப் பவனியை ஏற்படுத்தினார். சிரியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கிழக்கின் விழா மேற்கில் வேரூன்றியதில் அந்தப் பின்னணிக்கும் பங்கிருக்கலாம்.

இதற்கிடையே மேற்கில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 567இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய சங்கம், பிறப்பு விழாவுக்கும் ஜனவரி 6இன் திருக்காட்சி விழாவுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாள்களை விழாநாள்களாகக் கருதியது. ஆனால் ரோமரின் புத்தாண்டுக் கேளிக்கைகளுக்கு எதிராக நடுவில் மூன்று நாள் மன்றாட்டுக்கென ஒதுக்கியது. பன்னிரண்டு நாளா, நாற்பது நாளா என்பதில் வழிபாட்டு நூல்களே ஒருமனதாக இருக்கவில்லை. திருக்காட்சியின் எட்டுநாள் கொண்டாட்டமான எண்கிழமை ஜனவரி 13இல் முடிந்தது. இரவு மன்றாட்டின் முடிவில் பாடும் கிறிஸ்துமஸ் கால மரியன்னைப் பாடலோ பிப்ரவரி 2 வரை தொடர்ந்தது. ஈஸ்டர் முந்தி வரும் ஆண்டுகளில் தவக்காலத்துக்கு ஆயத்தமான வாரங்கள் ஜனவரி 18இலேயே தொடங்கிவிட்டதும் உண்டு. அப்போது குருக்கள் தவத்துக்குரிய ஊதா உடைக்கு மாறிய பிறகுதான் பிப்ரவரி 2இன் மெழுகுதிரித் திருநாள் வந்தது.

இந்தக் குழப்பத்திலும் நாற்பதாம் நாள் பிழைத்ததற்குக் காரணம் ஆணைகளைவிட வீடுகள்தான் என்பது என் வாதம். போலந்தில் அன்று மந்திரித்த திரியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இடி மின்னலின்போதும் மரணப் படுக்கையருகிலும் ஏற்றுவார்கள். கிறிஸ்து பிறப்புப் பாடல்களையும் அந்நாள் வரை பாடுவார்கள். மெக்சிகோவில் ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் சிறு குழந்தைப் பொம்மை இருக்கும். அது யார் துண்டில் அகப்படுகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே என்ற சோளமாவுப் பண்டம் செய்து போட வேண்டும். ஒரு விழா அடுத்த விழாவுக்குக் கடன் வைத்துவிட்டுப் போகிறது. அதே நாளில் வீட்டிலுள்ள குழந்தை இயேசு சுரூபத்துக்குப் புத்தாடை உடுத்திக் கோவிலுக்கும் எடுத்துச் செல்கிறார்கள்.

வீட்டில் செய்ய ஏதும் மிஞ்சாதபோது என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1548இல் அரசரின் ஆலோசனைக் குழு அந்நாளின் திரிகளைத் தடைசெய்தது; 1647இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸையே நீக்கியது. வீட்டை அலங்கரித்த பசுந்தழைகளை மெழுகுதிரித் திருநாளுக்கு முந்தின மாலை அகற்றும் வழக்கத்தை, 1648இல் வெளியான தன் தொகுப்பில் கவிஞர் ராபர்ட் ஹெரிக் பாடியிருக்கிறார். பின்னாளில் அந்தக் கெடுவும் கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவுக்குச் சுருங்கியது. அதைத் தாண்டித் தோரணம் தொங்கினால் ஆகாது என்ற நம்பிக்கை மட்டும் எஞ்சியது.

இருபதாம் நூற்றாண்டில் ரோமும் சுருக்கத் தொடங்கியது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் திருக்காட்சியின் எண்கிழமையை நீக்கினார். 1969ஆம் ஆண்டு நாள்காட்டி, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலத்தை முடித்தது. இதற்கும் நியாயம் உண்டு: திருமுழுக்கு இயேசுவின் பொதுவாழ்வுக்கு வாசல், எகேரியாவின் காலத்துக்கும் முன்பே ஜனவரி 6 கிழக்கில் பல இடங்களில் திருமுழுக்கோடு இணைந்திருந்தது. ஆனால் பிப்ரவரி 2 காலத்துக்கு வெளியே தனித்து நின்றுவிட்டது. 1997 முதல் அது துறவறத்தாரின் உலக நாளும் ஆனது.

திரி தடைசெய்யப்பட்ட அதே ஆங்கிலத் திருச்சபைதான் 2000ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில் திருக்காட்சிக் காலத்தைப் பிப்ரவரி 2 வரை நீட்டியது. போலந்தில் 1960இல் கம்யூனிஸ்ட் அரசு பறித்த ஜனவரி 6 விடுமுறை 2011இல் திரும்பியது. ரோமும் ஒருமுறை தன் எல்லையைத் தளர்த்தியது. 1223இல் புனித பிரான்சிஸ் கிரேச்சோவில் அமைத்த குடிலின் 800ஆம் ஆண்டையொட்டி, பிரான்சிஸ்கன் கோவில்களில் குடிலின் முன் மன்றாடுவோருக்கு அறிவிக்கப்பட்ட பாவத் தண்டனை விலக்காகிய பலன், 2023 டிசம்பர் 8இலிருந்து 2024 பிப்ரவரி 2 வரை செல்லும் என்று சொல்லப்பட்டது. 1969இன் நாள்காட்டிப்படி கிறிஸ்து பிறப்புக் காலம் முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் அந்தக் குடில்கள் பிரிக்கப்படாமல் இருந்தன.