அன்டானாஸ் மோக்கஸும் பொகோட்டாவின் குடிமைப் பண்பாடும்

அன்டானாஸ் மோக்கஸ் (பிறப்பு: 25 மார்ச் 1952) கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1995 முதல் 1997 வரையும், பின்னர் 2001 முதல் 2003 வரையும் மேயராகப் பணியாற்றியவர். கணிதமும் மெய்யியலும் பயின்ற பேராசிரியரான இவர், நகர மக்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறையையே நகர நிர்வாகத்தின் முதன்மைப் பொருளாகக் கொண்டு, ‘குடிமைப் பண்பாடு’ என்ற பெயரில் நடத்திய இயக்கத்துக்காக உலகின் பல நாடுகளில் அறியப்படுகிறார்.

லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பொகோட்டாவில் பிறந்த மோக்கஸின் தாய் ஒரு சிற்பி. கலையைப் பொதுவாழ்வின் கருவியாகக் கொள்ளும் இயல்பு மகனிடம் வேரூன்றியதில் அவருக்குப் பங்கு உண்டு எனக் கருத இடமுள்ளது. பிரான்சின் டிஜோன் நகரில் கணிதம் கற்றுத் திரும்பிய மோக்கஸ், கொலம்பியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, பின்னர் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1993இல், மாணவர் கூட்டமொன்று தம்மைப் பேசவிடாமல் கூச்சலிட்டபோது, மேடையில் திரும்பி நின்று கால்சட்டையை இறக்கி அக்கூட்டத்தை அமைதியாக்கிய செயல் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவியதால், அவர் பதவி விலக நேர்ந்தது. ஆயினும் அரசியல்வாதிகளின் ஊழலில் சலிப்புற்றிருந்த நகரம் அவரை நேர்மையாளராகவே கண்டது. 1994 அக்டோபரில் எக்கட்சியையும் சாராது போட்டியிட்ட அவரைப் பெரும் வாக்கு வேறுபாட்டில் தேர்ந்தெடுத்தது.

அன்றைய பொகோட்டாவின் நிலையை அறியாமல் இத்தேர்தலின் பொருளை உணர இயலாது. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், 1993இல் ஒரு லட்சம் பேருக்கு 80 என்ற அளவில் கொலைகள் நிகழ்ந்தன. சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்தில் ஒரு வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு இல்லை. நகரின் நிதிநிலையை மட்டும் மோக்கஸுக்கு முன்பிருந்த மேயர் ஹைமே காஸ்த்ரோ ஓரளவு சீர்செய்து வைத்திருந்தார். பின்னாளைய வெற்றிகள் பேசப்படும்போது அவரது பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போவது நியாயமன்று.

மோக்கஸின் செயல்கள் அனைத்துக்கும் அடிப்படையாக ஒரு கோட்பாடு இருந்தது. மனிதரின் நடத்தையைச் சட்டம், தனிமனிதரின் மனச்சான்று, சுற்றியுள்ளோரின் பண்பாடு என்னும் மூன்று ஒழுங்குகள் நெறிப்படுத்துகின்றன என்றும், முதலாவது தண்டனை குறித்த அச்சத்தாலும், இரண்டாவது குற்றவுணர்வாலும், மூன்றாவது பிறர் முன் நேரும் நாணத்தாலும் இயங்குகின்றன என்றும் அவர் விளக்கினார். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்பதே, அதாவது சட்டம் தடுக்கும் செயலைச் சமூகம் இயல்பெனப் பொறுத்துக்கொள்வதே, நகரத்தின் நோய் என்பது அவரது கருத்து. அவ்வாறாயின் காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் போதாது. குடிமக்கள் ஒருவரையொருவர் வன்முறையின்றித் திருத்தவும், அத்திருத்தத்தைச் சினமின்றி ஏற்கவும் பழக வேண்டும்.

இக்கோட்பாட்டின் முதல் சோதனைக்களம் சாலைச் சந்திப்புகளாக அமைந்தது. முகத்தில் வெள்ளை வண்ணம் பூசிய 20 மைம் கலைஞர்கள், அதாவது சொல்லின்றி உடலசைவால் மட்டுமே நடிப்பவர்கள், தெருக்களில் நிறுத்தப்பட்டனர். விதியை மீறிச் சாலையைக் கடந்தவரின் பின்னாலேயே அவரது நடையை நடித்துக்காட்டியபடி சென்றும், ஜீப்ரா கோட்டின்மீது வண்டியை நிறுத்திய ஓட்டுநரைச் சைகையால் பின்னுக்கு நகரச் செய்தும், ஒழுங்காக நடந்துகொண்டவரைப் பாராட்டியும் அவர்கள் பணிபுரிந்தனர். அவர்களிடம் ஆயுதமோ, அபராதம் விதிக்கும் அதிகாரமோ இல்லை. பேசாதவர்களாதலால் அவர்களோடு வாதிடவும் லஞ்சம் தரவும் வழியில்லை. தண்டத்தொகையைவிடப் பலர் முன் நாணுவதையே மக்கள் அதிகம் அஞ்சுவர் என்ற மேயரின் கணிப்பு பலித்ததால், மேலும் 400 பேருக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. கட்டைவிரல் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும் படங்கள் கொண்ட 3,50,000 அட்டைகள் வழங்கப்பட்டு, ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பாராட்டவும் கண்டிக்கவும் அவற்றைக் காட்டினர். பாதசாரிகள் உயிரிழந்த சுமார் 1,500 இடங்களில் சாலையிலேயே நட்சத்திரங்கள் வரையப்பட்டன. மற்றொருபுறம், ஊழலுக்குப் பேர்போன நகரப் போக்குவரத்துக் காவல் பிரிவைக் கலைத்து அப்பணியைத் தேசியக் காவல்துறையிடம் ஒப்படைத்ததும் இதே மேயர்தான். மைம் கலைஞர்களைப் பற்றி எழுதுவோர் பலர் சொல்லாமல் விடும் இந்நடவடிக்கை, வேடிக்கையும் நிர்வாகமும் அவரிடம் பிரிக்க முடியாதவை என்பதற்குச் சான்றாகும்.

1997இல் சிங்காசா நீர்வழங்கல் அமைப்பின் சுரங்கக் குழாய் இடிந்ததால் நகருக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு நேர்ந்தது. தட்டுப்பாடு பற்றிய அறிவிப்பைக் கேட்ட மக்கள் தண்ணீரைப் பிடித்துச் சேமிக்கத் தொடங்கியதால் நுகர்வு முதலில் கூடியது. முறைவைத்து விநியோகத்தை நிறுத்துவதே இத்தகைய வேளைகளில் நிர்வாகங்களின் வழக்கம். மோக்கஸோ, தாம் குளிக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டச் செய்து, சோப்பு தேய்க்கும் நேரத்தில் குழாயை மூடி, அவ்வாறே செய்யுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். இரண்டே மாதங்களில் நுகர்வு 14 விழுக்காடு குறைந்தது. நெருக்கடி தீர்ந்த பின்னும் சிக்கனம் நின்றுவிடவில்லை. கட்டணம் குறைவதைக் கண்ட குடும்பங்கள் அப்பழக்கத்தைத் தொடர, சில ஆண்டுகளில் நுகர்வு முன்பிருந்ததைவிட 40 விழுக்காடு தாழ்ந்தது.

வன்முறைத் தடுப்பு இவ்வளவு எளிதாக அளவிடத்தக்கதன்று. மதுக்கடைகளும் கேளிக்கை விடுதிகளும் இரவு ஒரு மணிக்கு மூடப்பட்டன. கிறிஸ்துமஸ் காலத்தில் மக்கள் தாமாக ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கிக் கரண்டிகள் வார்க்கப்பட்டன. தம்மைத் துன்புறுத்தியவரின் முகத்தைப் பலூனில் வரைந்து உடைக்கச் செய்த நிகழ்ச்சியில் சுமார் 50,000 பேர் பங்கேற்றனர். மேயர் இதனை ‘வன்முறைக்கு எதிரான தடுப்பூசி’ என்றழைத்தார். இரண்டாம் பதவிக்காலத்தில், 9 மார்ச் 2001 அன்று, ஆண்கள் வீட்டிலிருந்து குழந்தைகளைக் கவனிக்குமாறும் தெருக்களைப் பெண்களுக்கு விட்டுக்கொடுக்குமாறும் கேட்டுக்கொள்ளப்பட்ட ‘பெண்கள் இரவில்’ சுமார் 7,00,000 பெண்கள் வெளியே வந்தனர். அன்றைய காவலும் பெண் காவலர்களிடமே விடப்பட்டது. கொலம்பியப் புரட்சிகர ஆயுதப் படை என்னும் கெரில்லா இயக்கம் நாடெங்கும் மேயர்களை மிரட்டிய காலத்தில், மோக்கஸ் அணிந்த குண்டு துளைக்காத கவசத்தில் நெஞ்சுக்கு நேரே இதய வடிவில் ஒரு துளை வெட்டப்பட்டிருந்தது.

இவை யாவற்றினும் வலுவான சான்று 2002இல் கிடைத்தது. விரும்பியோர் தம் வரியோடு 10 விழுக்காடு கூடுதலாகச் செலுத்தலாம் என்று மேயர் விடுத்த வேண்டுகோளை ஏற்று 63,000 பேர் அவ்வாறே செலுத்தினர். தண்ணீர்ச் சிக்கனத்தால் செலவு மிஞ்சும். சாலை ஒழுங்கால் உயிர் தப்பும். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் தரவேண்டியிராத பணத்தைத் தருவதில் தனிப்பட்ட ஆதாயம் ஏதுமில்லை. வரியை மக்கள் திருட்டாகக் கருதிவந்த நகரில், நிர்வாகத்தின்மீது தோன்றிய நம்பிக்கையைத் தவிர வேறெதனாலும் இதை விளக்குவது கடினம். 2002இல் நகரின் வருவாய் 1990இல் இருந்ததைப்போல் மும்மடங்கைத் தாண்டியிருந்தது.

2003இல் கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 22 ஆகவும், சாலை இறப்புகள் ஆண்டுக்குச் சுமார் 600 ஆகவும் குறைந்திருந்தன. குடிநீர் எல்லா வீடுகளையும், கழிவுநீர் இணைப்பு 95 விழுக்காடு வீடுகளையும் எட்டியிருந்தன. இம்மாற்றத்தில் குடிமைப் பண்பாட்டு இயக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. காவல்துறைச் சீர்திருத்தமும், இரு பதவிக்காலங்களுக்கும் இடையே மேயராயிருந்த என்ரிகே பெஞ்ஞலோசா அமைத்த பூங்காக்கள், மிதிவண்டிப் பாதைகள், 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துத் தடம் ஆகியவையும் அதே ஆண்டுகளுக்கு உரியவை. கொலைகளின் வீழ்ச்சியை மட்டும் கொண்டு மோக்கஸை அளப்பது ஆகவே பொருந்தாது. தண்ணீரும் வரியும் போல, பிற காரணங்களைப் பிரித்தறியக்கூடிய துறைகளிலேயே அவரது முறையின் ஆற்றல் தெளிவாகத் தெரிகிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடுவதற்காக 1997இல் முதல் பதவிக்காலத்தை நிறைவு செய்யாமலே விலகியது ஆதரவாளர்களிடையேயும் குறைகூறலுக்கு ஆளாயிற்று. 2010இல் பசுமைக் கட்சியின் வேட்பாளராக அப்பதவிக்கு நின்று, இரண்டாம் சுற்றில் ஹுவான் மனுவேல் சாந்தோஸிடம் தோற்றார். அதே ஆண்டில் தமக்குப் பார்க்கின்சன் நோய் உள்ளதைத் தாமே மக்களுக்கு அறிவித்தார். 2018இல் செனட் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் நிறுவிய கோர்ப்போவிசியோனாரியோஸ் என்னும் அமைப்பு, சட்டத்தையும் அண்டை அயலாரையும் குறித்து மக்கள் கொண்டுள்ள மனப்பாங்கைக் கருத்தாய்வுகளால் அளவிட்டு, லத்தீன் அமெரிக்காவின் பிற நகர நிர்வாகங்களுக்கு ஆலோசனை வழங்கிவந்துள்ளது.